முப்பத்து நான்காம் வாரம், ஜுபைல்

கடலை நன்னீராக்கும் ஆலையில்
அழுத்தமானி பார்ப்பது என் வேலை.
முள் சிவப்பைத் தொட்டால்
வால்வைத் திருகுவேன். அவ்வளவுதான்.

நேற்றிரவு தமயந்தியின் புஜத்தில் பட்டை இறுகியது.
நூற்றறுபது, நூற்றுப்பத்து.
லிஜி சிஸ்டர் ஒன்றும் பேசாமல்
இன்னொரு தடவை காற்றடித்தார்.

நஞ்சுக்கொடியிலிருந்து கிளம்பும் ஏதோ சுரப்புகள்
ரத்தக் குழாய்களை இறுக்குகின்றன என்றார் டாக்டர்.
குழாய் சுருங்கினால் அழுத்தம் ஏறும்,
அது தெரியும் டாக்டர்,
பதினோரு வருஷமாகத் தெரியும்.
வால்வு எங்கே?

"காலையில் எடுத்துவிடலாம்" என்றார்.
பிள்ளையை.

சோப்பு போட்டும் கழலாத மோதிரத்தை
அவள் திருகிக்கொண்டே இருந்தாள்.
கட்டிலடியில் என் ரப்பர் செருப்பு.
வீங்கிய கால் அதில்தான் நுழைந்ததாம்.
நான் இன்னும்
வேலை பூட்ஸைக் கழற்றவில்லை.