வகுப்பின் தலைமாட்டில்

பிஎச்பியைப் புதுப்பித்த மறுநாள்
பால் சங்கத்துப் பற்றுச்சீட்டின் நெற்றியில்
பதினேழு வரி எச்சரிக்கை அச்சாகி வந்தது.
கிளிநொச்சி டிப்போச் சந்தி, மேல்மாடி.
அறிவிக்காத பண்பை உருவாக்குகிறாய் என்கிறது என்னை.

உருவாக்கியது நானில்லை, நிரூபன் அண்ணை.
எழுதி முடித்து ஒஸ்லோ போய்விட்டார்.
அவருடைய வகுப்புக்குத் தலைப்பகுதியே இல்லை.
நினைத்த இடத்தில்
அம்புக்குறி போட்டு ஒரு பெயர்;
அங்கேயே முளைக்கும்,
மழைவிட்ட வரம்பில் கோரை மாதிரி.

கொழுப்பை ஆங்கில எழுத்தில் எழுத
ஓரிடத்தில் ழகரத்துக்கு எல் போட்டிருக்கிறார்,
இருபது வரி தள்ளி இசட்-எச்.
பழைய சேர்வரில் எச்சரிக்கைகளையும் அணைத்திருந்தார்.
ஆக இரண்டு கொழுப்பு.
மாலைப் பாலின் அளவு ஒன்றில் ஏறும்,
விலை மற்றதைப் பார்க்கும்.
அது எந்நாளும் வெறுமை. வெறுமைக்கு அடிவிலை.

புதுமுறிப்பு யோகமலர்
மாசியிலேயே வந்து கேட்டவ:
"என்ர மாடு பின்னேரத்தில தண்ணியோ கறக்குது?"
மெஷின் பிழைவிடாது என்று
திருப்பி அனுப்பினது நான்.

இரவு இருந்து ஒவ்வொன்றாய்த்
தலைமாட்டில் எழுதினேன்.
உறுப்பினர் இலக்கம், முழு எண்.
கொழுப்பு, தசமம். ஒரேயொரு கொழுப்பு.
மாடுகள். வங்கிக் கணக்கு.
கணவர் நிலை

என்ற இடத்தில் கை நின்றது.
முன்பெல்லாம் தரவு இருந்தால் பண்பு பிறக்கும்,
இல்லாவிட்டால் அப்படியொன்றே இல்லை,
ஒருவருக்கும் தொந்தரவில்லை.
இப்போது வகை சொல்லவேண்டும்.
படிவக் கட்டைப் புரட்டினேன்.
இருக்கிறார், ஒரு கட்டம். காலமானார், இன்னொரு கட்டம்.
நாற்பத்தாறு பேர் இரண்டையும் தொடவில்லை.
யோகமலரின் தாளில் இரண்டுக்கும் நடுவே
பேனை நின்றுபோன மைப்பொட்டு.

வகைக்கு முன்னால் கேள்விக்குறி போடலாம்,
அதற்கு இந்த மொழியில் இடமிருக்கிறது.
பிறகு சமன் போட்டு, நல்.
தமிழ்க் காதுக்கு நல்லதாய்த்தான் கேட்கிறது,
பொருள்தான் ஒன்றுமில்லை.

சமன் போடவில்லை நான்.
கேள்விக்குறி, வகை, பெயர், அரைப்புள்ளி.
இப்படி விட்டால் அது வெறுமையில்லை,
இன்னும் சொல்லப்படாதது.
எழுதமுன் யாரும் வாசிக்கப் போனால்
நிரல் அந்த வரியிலேயே நின்றுவிடும்.

நிற்கட்டும்.

விடிய, நிலுவைக் கணக்கு:
முப்பத்தோராயிரத்து நானூற்றிருபது ரூபாய்.
போன் எடுத்துச் சொன்னேன்.
அந்தப் பக்கம் வாளிச் சத்தம். பிறகு,
"மாட்டில பிழையில்லையெண்டு
எங்கையாவது எழுதிப்போட்டனீங்களோ, பிள்ளை?"