மேகசின்

தேர்தலுக்கு ஒப்படைத்த துப்பாக்கி
மூன்று மாதம் கழித்துத் திரும்பியது,
மேகசின் இல்லாமல்.
ரசீதில் "துப்பாக்கி ஒன்று" என்றுதான் இருக்கிறதாம்.
ரைட்டர் சொன்னார், தலை தூக்காமல்.

பேரணாம்பட்டில் பஸ் ஏறி
வேலூர் சைதாப்பேட்டை முனவ்வர் பாய் கடையில்
மேகசின் இருக்கா என்றேன்.
"கிலோ பதினெட்டு" என்று
கயிறு கட்டிய வாரப் பத்திரிகைகளை
உருட்டிவிட்டார்.

பிறகு புரிந்து
ஒரு எண்ணெய் டின்னைக் கவிழ்த்தார்.
ஸ்பிரிங் செத்தவை, உதடு நெளிந்தவை,
எந்தப் பட்டாளத்துக்கோ பிறந்து
கீல்களோடும் ஆணிகளோடும் படுத்திருந்தவை.
அப்பா வாங்கிய ரைஃபிளுக்கு ஒன்றும் சேராது.
ஒன்று மட்டும், அராவினால் நுழையலாம்.

அராவ வேண்டியிருக்கவில்லை.
அடித்தட்டில் தடித்த நெயில் பாலிஷ் பொட்டு:
இருட்டில் முன்பக்கம் எதுவென்று
விரலுக்குத் தட்டுப்பட
செண்பகவல்லி வைத்தது.

எங்கே பாய் கிடைச்சுது?
"ஏலத்துல. சர்க்கார் சாமான், நம்பி எடுங்க."

ஆயிரத்து இருநூறு சொன்னார்.
எண்ணூறுக்கு முடித்தோம்.
ரசீது கேட்டேன்.
"இரும்பு, கால் கிலோ" என்று எழுதினார்.

கடைசி பஸ்ஸில் இறங்கி நடந்தேன்.
கொல்லையில் கடலைச்செடி எல்லாம் மல்லாந்து கிடந்தது.
பன்றிகளுக்கு
ஒப்படைத்த அன்றைக்கே தெரிந்திருக்கும்.