ஈரக் குமிழ்

தேயிலை ஆலையின் வாட்டும் மாடியில்
எனக்கு வேலையே ஈரத்தோடுதான்.
இரண்டு வெப்பமானிகள். ஒன்றின் குமிழில் நனைந்த திரி.
இரண்டுக்கும் உள்ள இடைவெளியை
மணிக்கொரு தரம் அட்டவணையில் தேடி
பேரேட்டில் எழுதுவேன்:
கொழுந்து எவ்வளவு விட்டது,
காற்று எவ்வளவு வாங்கியது.

வேலை முடிந்து அரவேணு மேட்டில் ஏறினால்
ஐப்பசி முழுக்க வெயிலைப் பார்க்காத
என் வடக்குச் சுவர்.
சிமெண்டுப் பூச்சு, அதன்மேல்
துடைத்தால் போதும் என்று
கடைக்காரர் சத்தியம் செய்த பிளாஸ்டிக் பெயிண்ட்,
இளம்பச்சை.
அரிசி கொதித்தால் வியர்க்கும்.
வெந்நீர் அறைக் கதவைத் திறந்தால் வியர்க்கும்.
ஒன்றும் செய்யாமல் மூன்று பேர் தூங்கினாலும்
விடிகாலையில் விரல் பட்ட இடத்தில்
ஒரு கோடு ஒழுகும்.
பீரோவுக்குப் பின்னால் கறுப்பு.
கூறைப் பட்டில் வெள்ளைப் பூஞ்சை.
தர்ஷிகாவின் மூச்சில் ஒரு விசில்.

ஆலையில் கழித்துப் போட்ட ஜோடி வெப்பமானியை
கேட்டு வாங்கி வந்து மாட்டினேன்.
இரவு பத்து மணிக்குத் தொண்ணூற்று மூன்று.
அடைமழையில் வாட்டும் மாடியில் அந்த எண் வந்தால்
சூடான காற்றைத் திருப்பிவிடச் சொல்வோம்.
இங்கே யாரிடம் சொல்வது?

"டைல்ஸ் ஒட்டிடலாம்" என்றார் புண்ணியமூர்த்தி.
"அப்புறம் டைல்ஸ் வியர்க்கும்" என்றேன்.
இரண்டு நாள் பேச்சில்லை.
போனஸ் பணம் மாசி வரை
கடுகு டப்பாவில் கிடந்தது.

கொத்தனார் இமானுவேலுக்கு நம்பிக்கையில்லை.
"மண்ணா? தண்ணி பட்டா கரைஞ்சிடும்க்கா."
"உள்ளே எங்கே மழை பெய்யுது?"
"உங்க வீட்டுல சொல்ல முடியாது."
பச்சையைச் சுரண்டி, சிமெண்டைப் பொளிந்து,
சலித்த செம்மண்ணில் மணலும் வைக்கோல் துணுக்கும் பிசைந்து
விரல் கனத்துக்குப் பூசினோம்.
முதல் பூச்சு வெடித்தது,
ஆறும் கிளையாறுமாக.
மணலைக் கூட்டி மறுபடி.
மேலே சுண்ணாம்பு, தண்ணீர்போல் மெலிதாக.
பெயிண்ட் வேண்டாம் என்றதும்
இமானுவேல் என்னைப் பார்த்த பார்வையில் பரிதாபம் இருந்தது.

அது காயும் மூன்று வாரமும்
வீடு முன்னைவிட மோசம். தொண்ணூற்றைந்து.
புண்ணியமூர்த்தி ஒன்றும் சொல்லவில்லை.
சொல்லியிருக்கலாம்.

அடுத்த ஐப்பசி.
வெளியே மூடுபனி, உள்ளே விருந்தாள் நாலு பேர்,
மூன்று ஈடு இட்லி,
கொடியில் நனைந்த ஜெர்க்கின்கள்.
குமிழைப் பார்த்தேன். எழுபத்தாறு.
திரி காய்ந்துவிட்டதோ என்று தொட்டேன்.
ஈரமாகத்தான் இருந்தது.
சுவரைத் தொட்டேன்.
பவுடர் போட்ட கன்னம்போல்,
ஒரு துளி இல்லை.

எங்கே வைத்திருக்கிறது என்று
தையில்தான் தெரிந்தது.
புல்லில் உறைபனி விழுந்து
உதடு வெடிக்கும் நாட்கள்.
ஞாயிற்றுக்கிழமை, அடுப்பு மூட்டவில்லை.
வெளியே நாற்பத்திநான்கு, அறையில் ஐம்பத்திரண்டு.
அந்த எட்டு, சுவருடையது.
யாருடைய மூச்சோ, எந்த இரவின் கஞ்சியோ,
கணக்கு கேட்காமல்
கொஞ்சங்கொஞ்சமாகத் திருப்பிக்கொண்டிருந்தது.

எல்லாவற்றுக்கும் அது பொறுப்பில்லை.
தகரம் ஒழுகும் மூலை இன்னும் கறுப்புதான்;
ஆவியை வாங்கும் மண்
மழையை வாங்காது.
விசில் நின்றதா என்று கேட்டால்
நிற்கவில்லை. மருந்துப் பம்பு தலைமாட்டில் இருக்கிறது.
போன மாதம் எத்தனை இரவு அதைத் தேடினோம் என்று
எண்ணிப் பார்க்கிறேன், அவ்வளவுதான்.

நேற்று வீட்டு நோட்டைப் புரட்டினேன்.
பகல் பன்னிரண்டு: அறுபத்தெட்டு.
பகல் இரண்டு: அறுபத்தொன்று.
நான் ஆலையில் இருக்கும் நேரங்கள்.
வண்டி எடுக்காத நாட்களின் தேதிகள்.
சாய்ந்த கையெழுத்து,
ஒன்பது பூச்சியம்போலத் தெரியும்.
அட்டவணையில் ஒரு வரி தவறிப் படித்து
எல்லா எண்ணும் இரண்டு கூடுதல்.

திருத்தவில்லை.
அடியில் என் எண்ணை எழுதி,
திரிக்குத் தண்ணீர் ஊற்றி வைத்தேன்.