ஒன்றே முக்கால் மைல்

முதல் வாக்கியத்திலேயே சாலை முடிந்துவிடுகிறது.
"நெடுஞ்சாலை 411, வடக்கு டக்கோட்டாவில்
கார்ஸ்ஹெய்ம் ஊரைக் கிழக்கே போகும் பெரிய சாலையோடு இணைக்கும்
ஒன்றே முக்கால் மைல் நீளச் சாலை."
அதற்கப்புறமும் நான்கு பத்தி எழுதியிருக்கிறார்
வெர்னல் ஷாட்ஸ் என்றொருவர்.

எனக்கு மொன்டானா எல்லையில் லாரி எடைமேடையில் இரவு வேலை.
ஒரு லாரிக்கும் அடுத்த லாரிக்கும் நடுவே
கலைக்களஞ்சியத்துக்கு வரும் சாலைக் கட்டுரைகளை
நிறுத்துப் பார்க்கிறேன்.
கூலி கிடையாது.
கேட்டதும் இல்லை.

"கண்ணைக் கவரும் சூரியகாந்தி வயல்கள்."
கவர்ந்தது யார் கண்ணை? நீக்கவும்.
வயல்கள் இருக்கட்டும்,
ஆனால் கோதுமை போடும் வருடங்களில் என்ன செய்வீர்கள்?

"நாளொன்றுக்கு நாற்பது வண்டிகள்."
சான்று மூன்றைத் திறந்து பார்த்தேன்.
நாற்பத்தொன்று.

படத்தில் சாலையே இல்லை.
வானமும் வெள்ளை, கீழேயும் வெள்ளை,
நடுவில் கோடு கிழித்தாற்போல ஒரு மின்கம்பி.
சாலை எங்கே என்று கேட்டேன்.
"அதன்மேல் நின்றுதான் எடுத்தேன்" என்று பதில் வந்தது.

பழைய வரைபடம் ஒன்றைக் கீழே சேர்த்திருந்தார், சான்று ஏழு.
அதில் நீளம் ஒன்றே முக்காலே அரைக்கால்.
கட்டுரையில் ஒன்றே முக்கால்.
அரைக்கால் மைல் எங்கே போயிற்று, ஷாட்ஸ்?
தேதி வேண்டும், உத்தரவு எண் வேண்டும்.

இரண்டு நாள் பேச்சில்லை.
மூன்றாம் நாள் விடியற்காலை மூன்றரைக்கு எழுதினார்,
முற்றுப்புள்ளி எதுவும் வைக்காமல்:
தானியக் கிடங்கோடு மாநிலத்தின் பலகை முடிகிறது
அதற்கப்பால் கவுண்ட்டிக்குக் கொடுத்துவிட்டார்கள் எப்போது என்று தெரியாது
பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறேன் இருபத்தாறு குளிர்காலம்
கிடங்கு வாசலில் வண்டி திரும்பாது இடம் போதாது
ரோண்டா ஹெக்டால் வீட்டு முன்னால் போய்த்தான் திருப்புவேன்
அவள் ஆறு மணி ஷிப்ட்டுக்கு ஆஸ்பத்திரி போகிறவள்
கவுண்ட்டி வண்டி வர மத்தியானம் ஆகும்
அலகைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும் என்பது விதி
நான் தூக்குவதில்லை
இதைக் கட்டுரையில் போட வேண்டாம்

போடச் சொல்லி யார் கேட்டது?
"சொந்த அனுபவம் சான்றாகாது" என்று தட்டினேன்.
அழித்தேன்.
சோளம் ஏற்றிய வண்டி ஒன்று மேடையேறி இறங்கிற்று.
மறுபடி அதையே தட்டினேன்.
நான் பிடித்த முயலுக்கு மூன்றே கால்,
சான்றில்லாமல் அரைக்கால்கூட ஏறாது.

வெர்னல் வாதாடவில்லை.
வண்டிகளை நாற்பத்தொன்றாக்கினார்.
"கண்ணைக் கவரும்" போயிற்று.
சூரியகாந்திக்குப் பக்கத்தில் "சில வருடங்களில்" என்று வந்தது,
அது எனக்குப் பிடித்திருந்தது, சொல்லவில்லை.

பிப்ரவரியில் ஒருநாள்
கார்ஸ்ஹெய்ம் கிடங்கிலிருந்து விதை ஏற்றி ஒரு லாரி வந்தது.
முந்நூறு பவுண்டு கூடுதல்.
ஓட்டுநர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்,
ராத்திரி பெய்த பனியும் கூரைமேல் ஏறியிருக்கிறது,
அதையுமா நிறுப்பீர்கள் என்றார்.
அதையும்தான்.
சீட்டைக் கொடுக்கும்போது கேட்டேன், வேலைக்குச் சம்பந்தமில்லாமல்:
411 எப்படி இருந்தது?
"கறுப்பாக இருந்தது" என்றார்.
"கிடங்கைத் தாண்டியும் கறுப்பு.
ஒரு வீட்டு வாசல் வரைக்கும். அதற்கப்புறம் ஒன்றுமில்லை."

இதுவும் சான்றில்லை.
வாய்ச்சொல்; அதுவும் அபராதம் கட்டினவர் வாய்ச்சொல்.

அன்றிரவு பெட்டிகளில் குறியிட்டேன்.
நடுநிலை: உண்டு. பிழை: இல்லை.
படம்: சாலை தெரியவில்லை, ஆனால் இருக்கிறது.
நீளம்: ஒன்றே முக்கால். ஏற்கப்பட்டது.
சான்று ஏழை நீக்கச் சொல்லியிருக்க வேண்டும்,
கட்டுரையோடு முரண்படுகிறது.
விட்டுவிட்டேன்.

அடுத்தது நெடுஞ்சாலை 416. மூன்று மைல்.
முதல் வரியிலேயே எழுத்துப்பிழை.