தம்ர், தம்ரா

ஹுஃபூஃபில் பேரீச்சம்பழ ஆலை, மூன்றாம் பெல்ட்.
தோல் வெடித்ததையும் புழு கண்டதையும்
பொறுக்கி எறிவது என் வேலை.

மேஸ்திரி இத்ரீஸ், சூடான்காரர்,
பெல்ட்டில் ஓடுவதை தம்ர் என்பார்.
ஒன்று தரையில் விழுந்தால் தம்ரா.
அவர்களுக்குக் குவியல்தான் முதல் பெயர்.
அதிலிருந்து ஒன்றைப் பிய்த்தெடுக்க
கடைசியில் ஓர் ஆ,
வாயைக் கொஞ்சம் கூடுதலாகத் திறந்து.

சர்க்கரைப்பாகு டிரம்மைச் சுற்றி வந்தது நம்ல்.
என் கழுத்தில் ஏறிக் கடித்தது நம்லா.
மணலுக்கு என்ன என்று கேட்டேன்.
சொல் உண்டு, தேவைதான் வந்ததில்லை என்றார்.

எங்களுக்கு அப்படி இல்லை.
பலவுக்குக் கள், அதுவும் மனமிருந்தால்.
பத்துப் பழம் என்று சொன்னால்
எந்தப் பழமும் கோபித்துக்கொள்ளாது.
முடி என்ற சொல்லைப் பாருங்கள் பாய்,
தலையில் இருந்தால் பல,
சோற்றில் கிடந்தால் ஒன்று.
இத்ரீஸ் சிரித்த சிரிப்பில்
வலைத்தொப்பி கழன்று தம்ர் மேல் விழுந்தது.
அந்தப் பெல்ட் முழுவதையும் மறுபடி கழுவினோம்.

ஷிப்ட் முடிந்து கேம்ப் பஸ்.
டிரைவர் தலை எண்ணுகிறான், கம் நஃபர், எத்தனை நஃபர்?
பழைய அரபியில் நஃபர் என்றால்
ஒரு சின்னக் கூட்டமாம்.
இங்கே ஓர் ஆள். கூலி ஆள்.
கூட்டம் எப்போது சுருங்கி
ஒருத்தனுக்குள் போனதென்று
இத்ரீஸுக்கும் தெரியாது.

நாற்பது இருக்க வேண்டும், முப்பத்தொன்பது.
“ஒரு ஆள் குறையுது” என்றேன்.
சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது,
குறையுது.
பழத்துக்கும் எறும்புக்கும் வைத்திருந்த விகுதி,
எந்த மாதத்திலிருந்து ஆளுக்கும் போட ஆரம்பித்தேன்?

டிரைவர் ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தான்.
வாஹித் நஃபர், வாஹித் நஃபர் என்று
ஜன்னலை ஜன்னலாகத் தட்டினான்.
எந்த நஃபர் என்று யாரோ கேட்டார்கள்.
சாயல்குடிக்காரன், என் மேல்கட்டில்,
தூக்கத்தில் பல்லைக் கடிப்பவன்.
படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு
குளிரறைப் பக்கம் திரும்பிக் கத்தினேன்,

சேவுகா!

கடைசி எழுத்து
குளிரறைச் சுவரில் பட்டு இன்னும் நீண்டது.
முன் இருக்கையில் கண்மூடியிருந்த இத்ரீஸ்
ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்.

லாரிகளுக்கு நடுவிலிருந்து
ஓடி வந்தான்,
ஒரு செருப்பு காலில்,
ஒரு செருப்பு கையில்.