முழங்காலுக்குப் பின்னே

இடது சுண்டுவிரல் மட்டும் நீலமாகிவிட்டதென்று
அஸ்பெய்ட்டியாவிலிருந்து வந்தார் இஷாக்கா ஒலாபெ.
பூட்ஸ் கடித்திருக்கும் என்றார்.
கூட வந்த மார்ட்செலும் ஆமாம், பூட்ஸ்தான் என்றார்.

நாற்பது வருடம்
மரக்கட்டையின் மேல் ஏறி நின்று
தன் இரண்டு பாதங்களுக்கு நடுவே
கோடரியை இறக்கியவர்.
பந்தயம் கட்டிய ஊர் வேலியில் சாய்ந்து கத்தும்.
ஒருமுறைகூட இரும்பு தோலைத் தொட்டதில்லை.

குப்புறப் படுக்கச் சொன்னேன்.
முழங்காலுக்குப் பின்னால் அந்தக் குழியில்
நாடி ஆழத்தில் இருக்கும், தேட வேண்டும்.
இவருக்குத் தேடவில்லை.
அதுவே வந்து விரலை முட்டியது.
சுலபமாய்க் கிடைக்கும் நாடியை
நான் நம்புவதில்லை.

ஜெல் தடவி விளக்கை அணைத்தேன்.
திரையில் தமனி ஒழுங்காக வந்து
திடீரென்று பையாய் அகன்றது.
மூன்று புள்ளி நான்கு சென்டிமீட்டர்.
ஆறிய கஞ்சியில் ஆடை படிந்ததுபோல்
சுவரெல்லாம் பழைய ரத்தம்,
நடுவில் மிச்சமிருந்த சந்தில்
சிவப்பும் நீலமும் சுழன்றன.

"வெடிக்குமா?"
மார்ட்செல்தான் கேட்டார்.
அநேகமாக இல்லை. இது அடைக்கும்.
அதற்குமுன் துகள் துகளாய்க் கீழே அனுப்பும்,
சுண்டுவிரல் மாதிரி முட்டுச்சந்துகளுக்கு.
மொத்தமாக அடைத்த அன்று
காலையே கேட்கும்.

பையை வெட்டி எறிய மாட்டார்கள்.
மேலே ஒரு முடிச்சு, கீழே ஒரு முடிச்சு.
அவர் தொடையிலிருந்தே ஒரு சிரையை எடுத்து
புறவழிச்சாலையாய்த் தைப்பார்கள்,
தலைகீழாக.
சிரைக்குள் கதவுகள் உண்டு,
இதயத்தின் பக்கமே திறப்பவை.
திருப்பிப் போட்டால்தான் பாதம்வரை வழிவிடும்.
வாழ்நாளெல்லாம் வீடு திரும்பிக்கொண்டிருந்த குழாய்
அறுபத்தேழு வயதில்
வெளியே வேலைக்குப் போகிறது.

"எத்தனை நிமிடம் ஆகும்?"
போட்டிகளில் இவருக்கு நேரம் பார்த்தவர் மார்ட்செல்.
மூன்று மணி நேரம் என்றார் மருத்துவர் ஒயானா.
தாண்டும் என்று ஒரு சாப்பாடு பந்தயம் கட்டினார்.
படுத்தபடியே ஒத்துக்கொண்டார் இஷாக்கா.
நான்கு மணி பத்து நிமிடம்.
மயக்கத்திலேயே தோற்றுப்போனார்.

மூன்றாம் நாள்
பாதத்தின் மேல் டாப்ளர் பேனாவை வைத்தேன்.
ஷ்ஷக். ஷ்ஷக். ஷ்ஷக்.
மார்ட்செல் கடிகாரத்தை எடுத்து
எண்ணி முடித்துச் சொன்னார்:
"நிமிடத்துக்கு எழுபத்திரண்டு வெட்டு.
இளவயதிலும் இவன் இவ்வளவு வேகமில்லை."

வயிற்றையும் முன்பே பார்த்திருந்தேன், சுத்தம்.
வலது முழங்காலுக்குப் பின்னே
ஒன்று புள்ளி ஏழு.
ஒரு காலில் வந்தால்
பாதிப் பேருக்கு மறுகாலிலும் வரும்.
ஆறு மாதம் கழித்து வாருங்கள் என்று எழுதினேன்.

கட்டிலுக்கடியில் இருந்த பூட்ஸைக் குனிந்து பார்த்தார் இஷாக்கா.
"சும்மா அதைத் திட்டிவிட்டோம்" என்றார்.
விரல் இன்னும் நீலம்தான்.