வெறும் வயிற்றில்

புக்கிட் பாத்தோக் பலதுறை மருந்தகம்,
இரண்டாம் தளம். காலை எட்டே கால்.
என் எண் 3086.
நேற்று இரவு பத்திலிருந்து
தண்ணீர் தவிர எதுவும் இறங்காத வயிறு
கீழ்க்கடைக் காயா ரொட்டியை
மோப்பம் பிடித்துக்கொண்டிருந்தது.

எனக்குச் சங்கீதம் தெரியாது.
பத்தொன்பது வருடமாகப் பேருந்து ஓட்டுகிறேன்.
கதவு மூடும் பீப் தெரியும்.
பிரேக் தேய்ந்தால்
சக்கரம் எந்தக் குரலில் அழும் என்று தெரியும்.
அவ்வளவுதான் ஞானம்.

திரையில் எண் மாறும்போதெல்லாம்
டிங்... டாங்...
மேலே ஒன்று, கீழே ஒன்று.
நாற்பது தலைகள் நிமிரும்,
முப்பத்தொன்பது குனியும்.

பக்கத்து நாற்காலிக்காரர்
திடீரென்று தரையில் உட்கார்ந்தார்.
மயக்கமோ என்று கை நீட்டினேன்.
"கொஞ்சம் பிடிங்க" என்று
அதில் ஒரு தேன்நிறக் கட்டியை வைத்தார்.
மிட்டாய் என்று நினைத்தேன்.
வெறும் வயிறு அப்படித்தான் நினைக்கும்.
அவர் பெட்டிக்குள் வயலின்.

எதிர் வரிசையில் ஓர் அம்மாள்
சந்தைத் தள்ளுவண்டியிலிருந்து
கங்கோங் கட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து
அருகிலிருந்த சீனரின் மடியில் அடுக்கினாள்.
அடியில் இருந்தது கடம்.

முதல் இழுப்பு.
டிங்... டாங்... 3079.
அவர் நிற்கவில்லை.
மணி ஒலித்த உயரத்திலேயே வில்லை வைத்து
அந்த இரண்டு படிகளுக்கு நடுவே
இன்னும் எத்தனை படிகள் என்று
இறங்கி இறங்கிக் காட்டினார்.
அடுத்த முறை
மணிதான் அவர் பின்னால் வந்தது.

தடுப்பூசிக் குழந்தை அழுகையை நிறுத்தியது
என்று எழுதினால் அழகாக இருக்கும்.
நிறுத்தவில்லை.
கடம் அதற்கும் கொஞ்சம் இடம் விட்டது.

ஒரு பையன் அலைபேசியை நீட்டி
என்ன பாட்டு என்று கேட்டான்.
அது யோசித்துப் பார்த்துக் கையை விரித்தது.
பாதுகாவலர் ஹோக் செங் ஓடி வந்தார்,
அனுமதி இருக்கிறதா என்று கேட்க.
வயலின்காரர் கண் மூடியிருந்ததால்
என்னைக் கேட்டார்.
நான் மிட்டாய் வைத்திருப்பவன், எனக்கென்ன தெரியும்?

3081 எழுந்திருக்கவில்லை.
3082, கூப்பிட்டது காதில் விழாத மாதிரி இருந்தார்.
3086 வந்தபோது
வில் எங்கோ மேலே ஏறிக்கொண்டிருந்தது.
பதினொன்றுக்கு எனக்கு ஷிஃப்ட்.
எழுந்தேன்.

திரைச்சீலைக்குப் பின்னால் தாதி நோராய்னி
என் கையில் ரப்பரைக் கட்டினார்.
எப்போதும் "சாத்து, டுவா" என்று எண்ணிக் குத்துவார்.
இன்று எண்ணவில்லை.
ஊசியைப் பிடித்தபடி காத்திருந்தார்.
வெளியே கடம் சுற்றிச் சுற்றி வந்து
ஓரிடத்தில் தொம்மென்று விழுந்தது.
அங்கே குத்தினார்.
வலித்தது.
ஆனால் சரியான இடத்தில் வலித்தது.

பஞ்சை அழுத்திக்கொண்டு வந்து பார்த்தால்
தரை வெறும் தரை.
சீனரின் மடியில் மட்டும் ஒரு கட்டு கங்கோங்.
யாரிடம் கொடுப்பது என்பதுபோல் என்னைப் பார்த்தார்.
நான் சட்டைப் பையைத் தொட்டேன்.
கட்டி இருந்தது.

பதினொன்றுக்கு வண்டியை எடுத்தேன்.
கதவு மூடும் பீப்.
அதற்குக் கீழே இன்னொன்று வேண்டும்போல் இருந்தது,
வாய் திறக்காமல் சேர்த்துக்கொண்டேன்.
சிவப்பு விளக்கில் கட்டியை முகர்ந்தேன்.
மரப்பிசின் வாசம். இனிப்பே இல்லை.

சர்க்கரை எவ்வளவு என்று
வியாழக்கிழமை சொல்வார்கள்.